பாதிரியாரிடம் சொன்னா பாவம் போயிடுமா? கத்தோலிக்கர்களின் பாவசங்கீர்த்தனம் சொல்வது என்ன?

தவக்காலத்தில் கத்தோலிக்க தேவாலயங்களில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நீளும். இன்றைய பெயர் ஒப்புரவு அருட்சாதனம். ஆனால், 'கடவுள்கிட்ட நேரா சொல்லாம, ஏன் ஒரு மனுஷன்கிட்ட சொல்லணும்?' என்ற கேள்வி பலருக்கும் உண்டு.

ஏன் பாதிரியார்?

பாவங்களை மன்னிக்கும் அதிகாரத்தை உயிர்த்த இயேசு சீடர்களுக்குத் தந்ததாக யோவான் நற்செய்தி 20-ஆம் அதிகாரம் சொல்கிறது. மன்னிப்பவர் கடவுள், பாதிரியார் அவரது கருவி என்பது திருச்சபையின் நம்பிக்கை. ஆண்டுக்கு ஒருமுறையாவது செய்ய வேண்டும் என்ற விதி 1215-இல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கத்தில் வந்தது. போப்பும் விதிவிலக்கல்ல. 2014-இல் போப் பிரான்சிஸ் எல்லோரும் பார்க்க மண்டியிட்டு பாவசங்கீர்த்தனம் செய்தார்.

சொன்னா மட்டும் போதுமா?

போதாது. மனசாட்சியை ஆராய வேண்டும், உண்மையாக வருந்த வேண்டும், இனி செய்ய மாட்டேன் என உறுதி எடுக்க வேண்டும். அதன்பிறகே அறிக்கை, பாவப்பொறுத்தல். பாதிரியார் சொல்லும் பரிகாரத்தையும் நிறைவேற்ற வேண்டும். திருடியிருந்தால், முடிந்தவரை திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அதே தவறில் மறுபடி விழாமல் இருக்கும் பலமும் இதில் கிடைக்கிறது என்பது நம்பிக்கை. அதனால்தான் சின்னப் பாவங்களுக்கும் அடிக்கடி வருபவர்கள் உண்டு.

ரகசியம் வெளியே போகுமா?

கேட்டதைப் பாதிரியார் எக்காரணத்துக்காகவும் வெளியிடக் கூடாது என்கிறது திருச்சபைச் சட்டம் (எண் 983). நேரடியாக மீறினால் தானாகவே திருச்சபையிலிருந்து விலக்கப்படுவார்.

இந்த நம்பிக்கை உடைந்தால்?

2018-இல் கேரளாவில், ஒரு பெண் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதை வைத்து மிரட்டி, பாலியல் வன்முறை செய்ததாக ஆர்த்தடாக்ஸ் சபைப் பாதிரியார்கள் சிலர் மீது புகார் எழுந்தது. பாவசங்கீர்த்தனத்தையே தடை செய்ய தேசிய மகளிர் ஆணையம் பரிந்துரைத்தது. மதச் சுதந்திரத்தில் தலையீடு எனக் கத்தோலிக்க ஆயர்கள் எதிர்த்தனர்.

பாவசங்கீர்த்தனத்தைப் பயன்படுத்திப் பாலியல் பாவத்துக்குத் தூண்டும் கத்தோலிக்கப் பாதிரியாரைப் பதவியிலிருந்தே நீக்க அந்தச் சபையின் சட்டத்தில் இடமுண்டு. யாரிடம் சொல்வது என்பதும் உங்கள் விருப்பம்தான். சொந்தப் பங்குத்தந்தையிடம் சொல்லத் தயக்கமா? வேறு பாதிரியாரிடம், முகம் தெரியாதபடி தடுப்புக்கு அப்பால் இருந்தே சொல்லலாம். இரக்கத்தைத் தேடி வருபவர் பயந்துகொண்டு வரக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.