தக்காளிப் பாத்திக்கு வந்த போர்வை

தக்காளியை நாம் எடை போட்டுத்தான் விற்கிறோம். அதில் உள்ள சத்தை யாரும் தராசில் வைப்பதில்லை. ஆனால், சாப்பிடுகிற பிள்ளைகளுக்கு வேண்டியது அந்தச் சத்துத்தானே? பாத்தியில் விரிக்கிற மூடாக்குக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்றால், அதற்கு ஒரு கதையே இருக்கிறதுங்க.

வைக்கோலும் சருகும் பரப்புவது பழைய வழக்கம். 1933-இல் இங்கிலாந்தில் பாலிதீன் கண்டுபிடிக்கப்பட்டது. 1950-களில் அமெரிக்காவில் கென்டக்கிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எமரி எமர்ட் பிளாஸ்டிக் தாளைக் காய்கறிப் பாத்தியில் விரித்துக் காட்டினார். களை அடங்கியது, ஈரம் நின்றது, குளிர்ந்த மண் சூடேறிச் சீக்கிரம் காய்த்தது. விவசாயிகள் விடுவார்களா? கறுப்புத் தாள் பரவிவிட்டது. ஆனால், அறுவடை முடிந்தால் அதை உரித்தெடுக்கத் தனிக் கூலி. தாள்மேல் விழுந்த மழையோ மருந்தையும் மண்ணையும் வாரிக்கொண்டு ஓடைக்குப் போயிற்று.

மேரிலாந்து மாநிலத்துப் பெல்ட்ஸ்வில் ஆராய்ச்சி நிலையத்தில் அப்துல்-பாக்கி, டீஸ்டேல் என்ற இரு விஞ்ஞானிகள் 1990-களில் வேறு வழி பார்த்தார்கள். குளிருக்கு முன் வெட்ச் என்ற பயறு இனக் கொடியை விதைத்து, வசந்தத்தில் வெட்டி அங்கேயே கிடத்தி, உழாமல் தக்காளி நாற்றை நட்டார்கள். கறுப்புத் தாளைவிட முதல் பறிப்பு பிந்தியது. ஆனால், செடி நீண்ட நாள் பச்சையாக நின்றது. செடி மூப்படைவதைத் தள்ளிப்போடும், நோயைத் தாங்கும் சில மரபணுக்கள் அதில் கூடுதலாக வேலை செய்ததை அந்த நிலையத்தார் 2004-இல் வெளியிட்டார்கள்.

சரி, பழத்துக்கு என்ன லாபம்? மூடாக்கு நேராகப் பழத்துக்குள் சத்தை ஊட்டாது. இலை, ஈரம், சூடு இந்த மூன்றின் வழியாகத்தான் வேலை செய்கிறது. இலை நன்றாக இருந்தால்தான் பழத்துக்குச் சர்க்கரை போகும். ஈரம் ஏறி இறங்கினால் சுண்ணாம்புச் சத்து காய்க்குச் சேராமல் அடிப்பக்கம் கறுத்து அழுகும். பழத்தில் வெளிச்சம் பட்டால் வைட்டமின் சி கூடும்; ஆனால், சூடு 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சிவப்பு நிறம் தரும் லைகோபீன் உருவாவது குறையும். வெளிச்சமும் வேண்டும், வேகவும் கூடாது!

அதனால் நம்ம ஊர்க் கோடைக்குக் கறுப்புத் தாளைவிட வைக்கோலே மண்ணைக் குளிர வைக்கும். வரும் பட்டத்தில் நாலு பாத்திக்கு மட்டும், தண்டைத் தொடாமல், வைக்கோல் பரப்புங்கள். மூடாத பாத்தியோடு பழத்தைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். எடையை மட்டுமல்ல, நிறத்தையும் ருசியையும் பாருங்கள்.