அட்லாண்டிக்கைக் கடந்த மலிவு டிக்கெட்

ஜெட் விமானத்தின் வேகம்தான் பயணக் கப்பல்களை ஓரங்கட்டியது என்று பலரும் சொல்வார்கள். ஆனால் 1957-இலேயே, ஜெட் வருவதற்கு முன்பே, வட அட்லாண்டிக்கை விமானத்தில் கடந்தவர்களும் கப்பலில் கடந்தவர்களும் ஏறக்குறைய சம எண்ணிக்கைக்கு வந்துவிட்டார்கள். அந்தக் கூட்டத்தை வரவழைத்தது டிக்கெட் விலை.

போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் லண்டன்–நியூயார்க் விமானம் பணக்காரர்களின் வாகனம். விமான நிறுவனங்களின் கூட்டமைப்பான ஐயாட்டா கட்டணத்தை நிர்ணயித்தது. தனி நிறுவனம் எதுவும் இஷ்டத்துக்குக் குறைத்துவிட முடியாது. 1952 மே மாதம் அந்த ஐயாட்டாவே 'டூரிஸ்ட்' வகுப்புக்கு இசைந்தது. இருக்கைகளை நெருக்கிப் போட்டார்கள். கட்டணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இறங்கியது. 1958 ஏப்ரலில் அதைவிட மலிவான 'எகானமி' வந்தது. அதில் சாப்பாட்டுக்குச் சாண்ட்விச் மட்டும்தான் என்பது விதி. ஸ்காண்டிநேவியாவின் எஸ்.ஏ.எஸ். நிறுவனமோ ஒற்றை ரொட்டித் துண்டின்மேல் வகைவகையாக அடுக்கி விருந்தே படைத்துவிட்டது. அமெரிக்காவின் பான் ஆம் நிறுவனம் புகார் செய்ய, எஸ்.ஏ.எஸ்.ஸுக்கு அபராதம் விழுந்தது. விலையில் மோத வழியில்லாதவர்கள் ரொட்டியில் மோதினார்கள்!

அதே ஆண்டு அக்டோபரில் காமெட் 4, போயிங் 707 ஜெட்கள் அட்லாண்டிக் சேவைக்கு வந்தன. அட்லாண்டிக்கைக் கடந்துவந்த 'குயின் மேரி' பயணக் கப்பல் 1967-இல் ஓய்வு பெற்றது.

விலையா, வேகமா என்ற கேள்விக்கு 1977-இல் நேரடிச் சோதனையே நடந்தது. பிரிட்டனின் ஃப்ரெடி லேக்கர் ஆறு ஆண்டுகள் அரசோடும் நீதிமன்றத்திலும் மல்லுக்கட்டி, அந்தச் செப்டம்பரில் 'ஸ்கைட்ரெய்ன்' சேவையைத் தொடங்கினார். லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு 59 பவுண்டு. முன்பதிவு கிடையாது, சாப்பாட்டுக்குத் தனிக் காசு. டிக்கெட்டுக்கு மக்கள் வரிசைகட்டி நின்றார்கள். இரண்டே மாதத்தில் அதே நகரங்களுக்கிடையே அதிவேக கான்கார்ட் விமானம் வந்தது. மூன்றரை மணி நேரத்துக்குள் பயணம், சுமார் நூறு இருக்கைகள், மலைக்கவைக்கும் கட்டணம்.

லேக்கர் 1982 பிப்ரவரியில் கடனில் மூழ்கினார். பெரிய நிறுவனங்கள் கட்டணத்தைக் குறைத்து அவரை நெருக்கியதும், டாலர் மதிப்பு ஏறியதும் காரணங்கள். ஆனால் அவர் இறக்கிய விலை பழைய உயரத்துக்குத் திரும்பவில்லை. 1978-இல் அமெரிக்கா தன் உள்நாட்டு விமானக் கட்டணக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தச் சட்டம் இயற்றியிருந்தது, ஐரோப்பா பின்தொடர்ந்தது. 2003 அக்டோபரில் கான்கார்ட் சேவை முடிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில்தான், 'சூரரைப் போற்று' படத்துக்கு அடிப்படையான கேப்டன் கோபிநாத், மலிவுக் கட்டண விமான நிறுவனமான ஏர் டெக்கானைப் பறக்கவிட்டிருந்தார்.

1960-இல் உலகில் விமானப் பயணிகள் எண்ணிக்கை சுமார் 10 கோடி. 2019-இல் 450 கோடி. கொரோனா அதை 2020-இல் 180 கோடியாகச் சரித்தது; 2024-க்குள் பயணத் தேவை பழைய அளவைத் தாண்டிவிட்டது. இத்தனைக்கும், 1958-இன் போயிங் 707-ஐவிட இன்றைய பயணிகள் விமானம் வேகமாகப் பறப்பதில்லை.