குறிப்பேடும் பூட்டும்: கோப்பு முறைமையை உறைய வைத்த வரலாறு

கணக்கியல் தமிழில் குறிப்பேடு வேறு, பேரேடு வேறு. கொடுக்கல் வாங்கல்கள் நிகழ்ந்த வரிசைப்படி முதலில் குறிப்பேட்டில் பதியப்படும். பின்னரே பேரேட்டின் உரிய பக்கங்களுக்கு எடுத்தெழுதப்படும். கணினியின் இயங்குதளமும் வட்டில் கோப்புகளைப் பேணுவதற்கு இம்முறையையே கைக்கொண்டது. அவ்வாறு எழுதிக்கொண்டிருக்கும் கைகளைப் பாதுகாப்பாக நிறுத்திவைப்பது எவ்வாறு என்னும் வினாவின் வரலாற்றை இவ்வுரையில் காண்போம்.

குறிப்பேடு இல்லாத காலத்தில், மின்சாரம் திடீரெனத் தடைப்பட்டால் வட்டு முழுவதையும் சரிபார்க்க வேண்டியிருந்தது. வட்டுகள் பெருகப் பெருக அக்காத்திருப்பும் நீண்டது. 1990இல் ஐபிஎம் நிறுவனம் தன் ஏஐஎக்ஸ் இயங்குதளத்தில் குறிப்பேடுடைய கோப்பு முறைமையை அளித்தது. 1994இல் சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்தின் எக்ஸ்எஃப்எஸ் வெளிவந்தது. ஸ்டீபன் ட்வீடி உருவாக்கிய ஈஎக்ஸ்டி3, 2001இல் லினக்சின் உட்கருவாகிய கெர்னலில் சேர்ந்தது. மறு ஆண்டு எக்ஸ்எஃப்எஸ்சும் அங்கு இடம்பெற்றது. இவற்றில், கணினி மீண்டும் எழும்போது குறிப்பேட்டில் நிறைவுற்ற பதிவுகள் மட்டும் நிறைவேற்றப்படும், அரைகுறையானவை கைவிடப்படும்.

எனினும் வேறொரு தேவை எஞ்சியது. வங்கியோ மருத்துவமனையோ தன் கணினியை நிறுத்தாமலேயே வட்டினைப் படியெடுக்க விரும்புகிறது. படியெடுக்கும் வேளையில் பாதித் தரவு வட்டிலும் மீதி நினைவகத்திலும் இருக்கலாம். அத்தகைய படியின் குறை அன்று புலப்படாது. மீட்க வேண்டிய நாளில்தான் தெரியவரும். ஆகவே, எழுதுவோரை நிறுத்தி, நினைவகத்தில் தேங்கியவற்றை வட்டில் சேர்த்து, குறிப்பேட்டையும் தீர்த்துவிட்டுப் படியெடுக்க வேண்டும். இதனையே உறைய வைத்தல் என்கிறோம். படியெடுத்தபின் உருகச் செய்தால் பணிகள் தொடரும். எக்ஸ்எஃப்எஸ் தனக்கென வைத்திருந்த இவ்வசதியை, 2009இல் வெளியான லினக்ஸ் 2.6.29 பிற கோப்பு முறைமைகளும் பயன்படுத்தத்தக்க பொதுவழியாக்கியது.

ஆயினும் பூட்டில் ஓர் இடைவெளி இருந்தது. எழுத வந்த பணி, 'முறைமை உறைந்துள்ளதா?' என்று பார்க்கும். இல்லையெனில் உள்ளே செல்லும். பார்த்ததற்கும் எழுதியதற்கும் இடைப்பட்ட நொடியில் உறைவு நிகழ்ந்துவிட்டால், உறைந்த முறைமையிலும் எழுத்து விழும். காவலர் கதவைச் சாத்தினார். ஆனால் உள்ளே எத்தனை பேர் என எண்ணவில்லை.

2012இல் லினக்ஸ் 3.6 பதிப்பில் யான் காராவின் திருத்தங்கள் இக்குறையைக் களைந்தன. எழுதத் தொடங்கும் ஒவ்வொரு பணியும் எண்ணப்பட்டது. முடிக்கும்போது அவ்வெண்ணிக்கை குறைக்கப்பட்டது. உறைய வைப்பவர் முதலில் புதியவர்களைத் தடுத்து, உள்ளிருப்போர் எண்ணிக்கை சுழியமாகும்வரை காத்திருப்பார். இதுவும் மூன்று படிகளில் நிகழும். முதலில் வழக்கமாக எழுதுவோர் நிறுத்தப்படுவர். அடுத்து, கோப்பின் பக்கங்களை நினைவகத்தில் விரித்து நேரே மாற்றுவோர். இறுதியாக, கோப்பு முறைமையின் உட்பணிகள். தேங்கிய தரவை வட்டில் சேர்க்க உட்பணிகளின் துணை வேண்டும். அவற்றை முதலிலேயே நிறுத்தினால், ஒருவரையொருவர் எதிர்பார்த்து எல்லோரும் நின்றுவிடுவர்.

உறைய வைப்பவருக்கும் ஒரு கடமை உண்டு. தாம் உறைய வைத்த முறைமையிலேயே அவர் எதையேனும் எழுத முயன்றால், உருகச் செய்யும் கட்டளையை இடவேண்டிய அவரே உறைந்துபோவார். பூட்டுபவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நிற்க வேண்டும் என்பதை நம் முன்னோர் அறிந்தே இருந்தனர். கெர்னலுக்கும் அவ்விதியே பொருந்துகிறது. நாம் நம்பிக்கையோடு வைத்திருக்கும் படிகளுக்குப் பின்னால், பொறுமையாக எண்ணிக் காத்திருக்கும் இவ்வொழுங்கு நிற்கிறது.