துணையின்றிக் கற்பதோ?

திருகோணமலைத் துறைமுகத்தையடுத்த குடியிருப்புகளில் வாழும் நம் மாணவர் சிலர் இன்று கணினி நிரல் எழுதக் கற்கின்றனர். ஆங்கிலம் தடுக்கின்றது, பிழை நேருமிடத்தைச் சுட்டிக்காட்ட ஆளில்லை. 'திறமையிருந்தால் தானே கற்பான்' என்போர் நம் ஆசிரியர் அறைகளிலும் உளர். வரலாறு அவ்வாறு கூறவில்லை.

இவ்வூர் இந்துக் கல்லூரியின் அதிபராய்ப் பணியாற்றிய விபுலாநந்த அடிகளையே எடுத்துக்கொள்வோம். கொழும்பில் விஞ்ஞானம் பயின்ற அவர், 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும் வென்றார். தென்கோவைக் கந்தையாபிள்ளை போன்ற புலவர்கள் அருகிருத்திப் பாடஞ் சொல்லியிராவிடில் அது எங்ஙனம் கைகூடியிருக்கும்? பெற்றதை அடிகள் தம்மோடு வைத்துக்கொண்டாரல்லர். விஞ்ஞானத்தைத் தமிழிலே கற்பதற்குச் சொல் வேண்டுமென்று 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1938இல் கலைச்சொல் நூலும் வெளிவந்தது. பௌதிக ஆசிரியராகவும் இருந்தவரல்லவா, வகுப்பறையின் இடர் அவருக்குத் தெரியும்!

நம் காலத்தில் முத்து அண்ணாமலை 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழியை ஆக்கி இலவசமாக அளித்துள்ளார். 'பதிப்பி' என்று எழுதினாற் போதும், திரையிலே விடை தோன்றும். எனினும் மொழி மட்டும் ஆசானாகிவிடாது.

திருகோணமலை வளாகத்திற் கணினி விஞ்ஞானம் பயிலும் இளைஞர்கள் சனிக்கிழமை மாலைகளில் வருவாராயின், திறந்துவிட ஓர் அறையும் நான்கு பழைய கணினிகளும் நம்மிடம் உள்ளன.