படிவத்தில் இருந்த ஒரு சொல்

பிரிட்டிஷ் இந்தியாவின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘இன்ஃபர்மிட்டீஸ்’ என்றொரு பத்தி இருந்தது. இரு கண்களும் தெரியாதவர், பித்துப் பிடித்தவர், பிறவியிலேயே செவியும் பேச்சும் அற்றவர், தொழுநோயாளர் ஆகியோரை அதில் குறிக்க வேண்டும். ஒரு கண் மட்டும் தெரியாதவரையும் வெண்புள்ளி உடையவரையும் குறிக்கக் கூடாது என்ற அறிவுறுத்தலும் உண்டு. காலிழந்தவருக்கு அங்கே இடமே இல்லை. நோயையும் உடற்குறையையும் ஒரே சொல்லுக்குள் அடைத்த அந்த மொழி படிவத்தோடு நிற்கவில்லை. பிச்சையெடுக்கும் தொழுநோயாளரைப் பிடியாணையின்றிக் கைது செய்து காப்பகத்தில் அடைக்க 1898ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. அதன் பெயரே ‘லெப்பர்ஸ் ஆக்ட்’.

1931க்குப் பின் அந்தப் பத்தி மறைந்தது. விடுதலைக்குப் பிந்தைய முதல் மூன்று கணக்கெடுப்புகளும் இவர்களைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. 1981, ஐக்கிய நாடுகள் அவை அறிவித்த சர்வதேச ஆண்டு என்பதால், கேள்வி திரும்பி வந்தது. ஆனால் முற்றிலும் பார்வையற்றவர், முற்றிலும் முடமானவர், முற்றிலும் பேச்சற்றவர் என மூன்றே வகைகள். காது கேளாமை கேட்கப்படவே இல்லை. ஏறத்தாழ 68 கோடி மக்களில் சுமார் 11 லட்சம் பேர் மட்டுமே கணக்கில் வந்தனர். ‘முற்றிலும்’ என்ற ஒற்றை அடைமொழி எத்தனை பேரை வாசலிலேயே நிறுத்தியது என்பது பிறகுதான் புலப்பட்டது.

1991இல் கேள்வி மீண்டும் விடுபட்டது. 1995இல் உரிமைச் சட்டம் வந்தபோது, யாருக்காக அது இயற்றப்பட்டதோ அவர்களின் எண்ணிக்கை அரசிடம் இல்லை. உரிமை இயக்கங்களின் வற்புறுத்தலால் 2001இல் கேள்வி சேர்ந்தது, அடைமொழி போயிற்று, ஒரு கண்ணில் மட்டும் பார்வை உடையவரும் சேர்க்கப்பட்டார். கணக்கில் வந்தவர்கள் 2.19 கோடி. இருபது ஆண்டுகளில் உடற்குறை இருபது மடங்கு பெருகிவிடவில்லை. கேள்வியின் சொற்கள் மாறின, அவ்வளவே.

ஊனமுற்றோர் என்பது தமிழில் மாற்றுத்திறனாளிகள் ஆனதும், இந்தியில் விகலாங் என்பது 2016இல் துறையின் பெயரிலேயே திவ்யாங் ஆனதும் அதிகம் விவாதிக்கப்பட்டன. தெய்வீக உறுப்பு என்னும் பொருள்தரும் பின்னதை உரிமை அமைப்புகள் பல ஏற்கவில்லை. விவாதம் தேவைதான், ஆனால் மரியாதைச் சொற்களுக்குக் கிடைத்த கவனம் படிவச் சொற்களுக்குக் கிடைக்கவில்லை.

2016ஆம் ஆண்டுச் சட்டம் வகைகளை 7இலிருந்து 21ஆக உயர்த்தியது. உடற்குறை சமூகத் தடைகளோடு சேரும்போதே ஒருவரின் பங்கேற்பு முடக்கப்படுகிறது என்று அது வரையறுக்கிறது. எனினும், வேலைவாய்ப்பில் இடஒதுக்கீடு பெற மருத்துவர் சான்றிதழில் 40 விழுக்காடு என்றாவது எழுத வேண்டும். தடைகளைக் குறிக்க அந்தச் சான்றிதழில் பத்தி இல்லை.