போனதேன்? இருந்ததேன்?

திண்டுக்கல் மலைக்கோட்டையை விட்டிறங்கிச் சமவெளிக் குளக்கரை ஒன்றுக்கு வாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை கண்டு குளம் நிறைந்திருக்கிறது. சேற்றோரத்தில் இரண்டு சின்னஞ்சிறு பறவைகள் வாலை ஆட்டி ஆட்டி நடந்து பூச்சி பொறுக்குகின்றன. ஒன்று வெண்புருவ வாலாட்டி. மற்றொன்று மஞ்சள் வாலாட்டி. முன்னது இம்மண்ணிலேயே பிறந்து, இம்மண்ணிலேயே முட்டையிட்டு, இம்மண்ணிலேயே மடிவது. பின்னதோ வடக்கே குளிர்நாடுகளில் பிறந்து, ஆயிரக்கணக்கான கல் பறந்து வந்து, வேனில் முற்றுமுன் திரும்பிவிடுவது. ஒரே குடும்பம், ஒரே உணவு, ஒரே குளக்கரை! ஆயினும் ஒன்று போகிறது, ஒன்று இருக்கிறது. ஏன்?

ஏன் என்ற கேள்வி எழுந்த இடமெல்லாம் முதலில் கதைகள்தாம் விடையாக வந்து நின்றன. திருக்கழுக்குன்றத்துக் கழுகுகளைப் பற்றி அறிவீர்கள். ஒரே நாளில் காசிக்கும் இராமேசுவரத்துக்கும் போய்வரும் முனிவர்கள் அவை என்றனர் புராணிகர். நண்பகலில் பூசாரி பொங்கல் வைப்பார். பறவைகள் இறங்கி உண்ணும். பக்தர் கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். அவை முனிவர்களுமல்ல, காசி யாத்திரிகர்களுமல்ல. பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகுகள். அவற்றை இறங்கிவரச் செய்தது அருளன்று; நாள் தவறாமல் வைக்கப்பட்ட உணவு! கடந்த நூற்றாண்டின் இறுதியில் அந்த வருகையும் நின்றது. முனிவருக்கு அழிவேது என்று கேட்டவர் எத்தனை பேர்?

மேல்நாட்டாரும் இம்மயக்கத்திற்கு விலக்கல்லர். பேரறிஞர் அரிஸ்டாட்டிலே, குளிர்காலத்தில் ஒருவகைக் குருவி மற்றொரு வகையாக உருமாறிவிடுகிறது என்று எழுதினார். 17ஆம் நூற்றாண்டில் சார்லஸ் மார்ட்டன் என்னும் ஆங்கிலேயர், பறவைகள் சந்திரனுக்குப் போகின்றன என்றே வாதிட்டார்! நம் பழம்புலவர் இதில் தெளிவாக இருந்தனர். குமரிக் கடலில் இரையுண்டு வடமலை நோக்கிப் பறக்கும் அன்னத்தைப் பிசிராந்தையார் புறநானூற்றில் பாடினார். பறவை சந்திரனுக்குப் போகவில்லை, வடக்கே போகிறது என்பதைக் கண்டு சொன்ன கண்கள் அவை.

மேல்நாட்டின் மயக்கத்தை உடைத்தது ஒரு நாரை. 1822இல் ஜெர்மனியின் குளூட்ஸ் என்னும் ஊரருகே பிடிபட்ட அந்த நாரையின் கழுத்தில் ஓர் ஈட்டி குத்தி நின்றது. அதன் மரமும் வேலைப்பாடும் நடு ஆப்பிரிக்காவுக்குரியவை. ஈட்டியைச் சுமந்தபடியே கடல் கடந்து வந்திருக்கிறது அந்தப் பறவை! பாடம் செய்யப்பட்ட அதன் உடலை ரோஸ்டாக் பல்கலைக்கழகத்தில் இன்றும் காணலாம். பின்னர் 1899இல் டென்மார்க்கில் மார்ட்டென்சன் என்ற பள்ளி ஆசிரியர், மைனா இனக் குருவிகளின் காலில் எண் பொறித்த அலுமினிய வளையங்களை மாட்டிப் பறக்கவிட்டார். வளையம் கிடைத்த இடம், பறவை போன இடம். நம் நாட்டிலும் 1959இல் சலீம் அலி முன்நிற்க, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இப்பணியைப் பெரிய அளவில் தொடங்கிற்று. கோடிக்கரை அதன் முதன்மையான களங்களில் ஒன்றாயிற்று.

போகுமிடம் தெரிந்தது. போவது ஏன்? குளிர் தாங்காமல் என்பர். முழு உண்மையன்று அது. பனி மூடிய ஐரோப்பாவிலும் சிட்டுக்குருவி ஊரை விட்டு நகர்வதில்லை. சிந்திய தானியம் அதற்குப் போதும். பூச்சியையே நம்பிய வாலாட்டிக்கோ, நிலம் உறைந்ததும் உணவு அற்றுப்போகிறது. அங்கே குளம் பனிக்கட்டியாகும் அதே திங்களில் இங்கே வடகிழக்குப் பருவமழை குளத்தை நிரப்புகிறது. ஆகவே வருகிறது. வேனிலில் இங்கே குளம் வற்ற, அங்கே பகல் நீண்டு பூச்சி பெருகுகிறது. ஆகவே குஞ்சு பொரிக்கத் திரும்புகிறது.

காலத்தை அறிவிப்பது யார்? பகலின் நீளமே! 1924ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் கனடாவின் எட்மண்டன் நகரில் வில்லியம் ரோவன் என்னும் அறிஞர், கடுங்குளிரில் திறந்த கூண்டில் வைத்த குருவிகளுக்கு மின்விளக்கால் நாள்தோறும் பகலைச் சிறிது சிறிதாக நீட்டினார். உறைபனியிலேயே அவற்றின் உடலில் வசந்தத்திற்குரிய மாற்றம் தோன்றிற்று.

இன்னும் ஐயமா? நம் முட்காடுகளில் திரியும் சுடலைக்குயிலைப் பாருங்கள். மழைத்துளியை மட்டுமே பருகி வாழும் சாதகப்புள் என்று கவிஞர் புனைந்த பறவை. உண்மையில் கம்பளிப்புழுவைத் தின்று, தவிட்டுக்குருவியின் கூட்டில் முட்டையிடுவது. வட இந்தியாவில் இது பருவமழையோடு ஆப்பிரிக்காவிலிருந்து வந்து போகும் விருந்தாளி. தமிழகத்திலோ ஆண்டு முழுதும் இருக்கும் குடியாளி! பறவை ஒன்றே, இருப்பிடமும் உணவுநிலையும் வேறு, வாழ்க்கையும் வேறு.

தோழர்களே! பறவைக்குக் காரணம் காட்டினால் ஒப்புகிறோம். மனிதனுக்கு?

திண்டுக்கல் வட்டாரம் மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்த நாளில், மழை பொய்த்த புன்செய்க்காரரும் நிலமற்ற கூலிகளும் அம்மாவட்டத்திலிருந்து கூட்டங்கூட்டமாக இலங்கைத் தோட்டங்களுக்குப் போயினர். 1876-78 பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தை வாட்டியபோது குதிர் நிறைந்த வீட்டார் இருந்தனர். குதிரே இல்லாதவர் போயினர். போனவரைப் பார்த்து ஊர் சொல்லிற்று: "தலையெழுத்து!"

பறவைக்காவது திரும்பும் பருவம் உண்டு. காப்பியும் தேயிலையும் வளர்த்த அம்மக்களுக்கு 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடில்லாதார் என்ற பெயரைத் தந்தது. 1964இல் இரு அரசுகளும் ஒப்பந்தம் எழுதி, 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கிட்டன. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் பேசிக்கொள்ளப்படும் என்றன!

சைபீரியப் பனியை மாற்ற வாலாட்டியால் ஆகாது, அதனால் பறக்கிறது. ஆனால், ஒருவன் குதிர் நிறைந்திருக்க மற்றவன் குடிபெயர வேண்டிய நிலை இயற்கை விதித்த பருவமன்று. மனிதன் வகுத்த ஏற்பாடு. மனிதன் வகுத்ததை மனிதன் மாற்றலாம்.

அடுத்த ஐப்பசியில் குளக்கரைக்குப் போங்கள். இரண்டு வாலாட்டிகளையும் பாருங்கள். பிறகு, தலையெழுத்து என்று எவரேனும் சொன்னால், அமைதியாக ஒரு கேள்வி கேளுங்கள்: எங்கே இருந்தது இரை?