கோவாலாவும் தேசப்படமும்

தேசப்படம் என்றதும் மலைகளும் ஆறுகளும் நாட்டெல்லைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஒரு பிராணி எங்கே வாழ்கிறது, எந்த மரத்தை நாடுகிறது, இன்னும் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அதற்கு எங்கே உணவும் நிழலும் கிடைக்கும் என்பவற்றைக் காட்டும் படங்களும் உண்டு. அத்தகைய படம் ஒன்று உருவான வரலாற்றை இன்று மாணவ நேயர்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். பிராணியின் பெயர் கோவாலா; அதன் நாடு ஆஸ்திரேலியா.

கோவாலாவைக் கரடி என்று பலர் சொல்வதுண்டு. அது கரடி இனத்தைச் சேர்ந்ததன்று. கங்காருவைப் போல வயிற்றுப் பையில் குட்டியை வைத்து வளர்க்கும் இனத்தைச் சேர்ந்தது. அதன் உணவு யூகலிப்டஸ் இலை. 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆஸ்திரேலியாவிலிருந்து கொணர்ந்து நம் நீலகிரியில் நட்ட தைல மரமும் இந்த மர இனமே. இதன் இலையில் சத்துக் குறைவு, நச்சுப்பொருள்களோ மிகுதி. இதை உண்டு வாழ்வதால் கோவாலாவின் உடலில் செலவழிப்பதற்கு வலிமை மிகவும் குறைவு. ஆகவே அது நாளின் பெரும்பகுதியை உறக்கத்திலேயே கழிக்கிறது. யூகலிப்டஸ் மரங்களில் 700-க்கு மேற்பட்ட வகைகள் உள்ளன. எனினும் ஒரு வட்டாரத்துக் கோவாலா அவற்றுள் ஒரு சிலவற்றையே விரும்பி உண்ணும். காடு இருந்தால் மட்டும் போதாது. உரிய மரம் உள்ள காடாக இருத்தல் வேண்டும். படம் வரைவோர் அனைவரும் இந்த உண்மையிலிருந்தே தொடங்குகின்றனர்.

ஆஸ்திரேலியாவின் ஆதிக்குடிகள் பல்லாயிரம் ஆண்டுகளாக இப்பிராணியை அறிந்தவர்கள். கோவாலா என்னும் பெயரே சிட்னி வட்டாரத்து தருக் மொழியிலிருந்து வந்தது. ஐரோப்பியர் இதனைப் பற்றி எழுதிவைத்த முதற்குறிப்பு 1798-ஆம் ஆண்டில், சிட்னிக்கு மேற்கே நீலமலைப் பக்கம் சென்ற ஜான் பிரைஸ் என்பவருடையது.

அதற்குப் பின் நூறு ஆண்டுகளுக்குள் கோவாலாவின் மென்மையான தோல் வாணிகப் பொருளாயிற்று. அந்நாளில் கோவாலாவை எண்ணியவர்கள் விஞ்ஞானிகள் அல்லர், தோல் வாணிகர்களே. க்வீன்ஸ்லாந்து மாநிலத்தில் 1919-ஆம் ஆண்டு ஆறு மாத காலம் வேட்டைக்கு அனுமதி தரப்பட்டபோது ஏறத்தாழப் பத்து லட்சம் கோவாலாக்கள் கொல்லப்பட்டன. 1927 ஆகஸ்டு மாதம் மீண்டும் அனுமதி தந்தபோது, அந்த ஒரே மாதத்தில் மாண்டவை ஐந்து லட்சத்துக்கும் அதிகம். பொதுமக்கள் கொதித்தெழுந்தனர். க்வீன்ஸ்லாந்தில் அதுவே கடைசி வேட்டைப் பருவமாக அமைந்தது.

துப்பாக்கி ஓய்ந்தபின்னரும் கோடரி ஓயவில்லை. ஆற்றோரத்து வளமான மண்ணில் வளரும் மரத்தின் இலையே சத்து மிக்கது. கோவாலா விரும்புவதும் அதையே. உழவர் விரும்பியதும் அதே மண்ணைத்தான். பிற்காலத்தில் நகரம் கட்டுவோரும் கடற்கரையை அடுத்த அந்நிலங்களையே நாடினர். எனவே எந்த நிலத்தைக் காப்பது, எதை விடுவது என்ற வினா எழுந்தது.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1995-ஆம் ஆண்டில் ஒரு விதி வகுத்தது. கோவாலா உண்ணும் மரவகைகள் பத்தை அட்டவணையில் சேர்த்தனர். ஒரு நிலத்திலுள்ள மரங்களில் நூற்றுக்குப் பதினைந்தேனும் அந்த வகைகளாக இருந்தால், அது கோவாலா வாழக்கூடிய இடம் என்று கொள்ளப்பட்டது. 2020-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த புதிய விதியில் அந்தப் பத்து 123 ஆயிற்று. நில உடைமையாளர் பலர் எதிர்த்தனர். அவ்வாண்டு செப்டம்பரில், கூட்டணி அரசாங்கத்தின் ஒரு கட்சி விலகப்போவதாக அச்சுறுத்தும் அளவுக்கு அந்தப் பூசல் முற்றியது. ஒரு பிராணியின் இருப்பிடத்தைக் குறிக்கும் கோடு ஓர் அரசாங்கத்தையே அசைக்கக்கூடும் என்பதை அன்று அம்மாநிலம் கண்டது.

இந்தப் படத்தை எப்படித் தயாரிக்கிறார்கள்? உயர்ந்த மரக்கிளையில் அசையாமல் உறங்கும் சாம்பல் நிறப் பிராணியைக் கண்ணால் காண்பது அரிது. ஆகவே ஆய்வாளர் மரத்தடியில் அதன் எச்சத்தைத் தேடுகின்றனர். ஓரிடத்தில் முப்பது மரங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றின் அடியைச் சுற்றியும் ஒரு மீட்டர் தூரத்துக்குள் துருவிப் பார்ப்பது ஒரு முறை. எத்தனை மரத்தடியில் எச்சம் உள்ளதோ அதைக்கொண்டு அவ்விடத்தைக் கோவாலா எவ்வளவு பயன்படுத்துகிறது என்று மதிப்பிடுவர். இக்காலத்தில் எச்சத்தை மோப்பம் பிடிக்கப் பழக்கிய நாய்களும், இரவில் ஆண் கோவாலாவின் கரகரத்த முழக்கத்தைப் பதிவு செய்யும் கருவிகளும், உடற்சூட்டை வானிலிருந்து காணும் ஆளில்லாச் சிறு விமானங்களும் துணை புரிகின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மக்கள் கோவாலாவைப் பார்த்ததாகச் சொல்லும் இடங்களெல்லாம் பெரும்பாலும் சாலையோரமும் ஊர்ப்புறமுமாகவே இருக்கும். ஆள் நடமாட்டமில்லாத காட்டில் படம் வெறுமையாக இருந்தால், அங்கே கோவாலா இல்லை என்று முடிவு கட்டலாகாது; பார்க்க ஆள் இல்லை என்பதே காரணமாகலாம். 2016-இல் வெளிவந்த ஒரு மதிப்பீட்டில், நாடு முழுவதிலும் உள்ள கோவாலாக்கள் சுமார் 3,29,000 என்று வல்லுநர் கூறினர். ஆயினும் அது 1,44,000 முதல் 6,05,000 வரை எதுவாகவும் இருக்கலாம் என்றும் உடன் சேர்த்தே சொன்னார்கள். இத்தகைய நேர்மை விஞ்ஞானத்துக்கு அழகு.

இனி வருவது தட்பவெப்ப மாறுதல். க்வீன்ஸ்லாந்தின் தென்மேற்கிலுள்ள வறண்ட நிலங்களில் 1995-இல் சுமார் 59,000 கோவாலாக்கள் இருந்தன என்றும், நெடிய வறட்சிக்குப் பின் 2009-இல் சுமார் 11,600-ஆகக் குறைந்தன என்றும் ஆய்வாளர் கணக்கிட்டனர். அதே 2009-இன் இறுதியில் நியூ சவுத் வேல்ஸின் கன்னடா வட்டாரத்தைக் கடும் வெப்பம் தாக்கியபோது, அங்குள்ள கோவாலாக்களில் நாலில் ஒரு பங்கு மடிந்ததாக மதிப்பிட்டார்கள். கோவாலா நீரே பருகாது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. ஆனால் அதே வட்டாரத்தில் தொட்டிகளில் வைத்த நீரை அது நாடி வந்து பருகியதை 2019-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. வெயில் மிகும்போது அது குளிர்ந்த அடிமரத்தைத் தழுவிக்கொண்டு உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது என்பதும் 2014-இல் வெளியான ஆய்வினால் தெரியவந்தது. அப்படியானால் உண்ணும் மரத்தை மட்டும் படத்தில் குறித்தால் போதாது. தழுவும் மரமும் நீர்நிலையும் அதில் இடம்பெற வேண்டும்.

2011-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், கோவாலா காணப்பட்ட இடங்களை வெப்ப அளவோடும் மழை அளவோடும் ஒப்பிட்டு, வரும் பத்தாண்டுகளுக்கான படங்களைக் கணிப்பொறி கொண்டு வரைந்தனர். மேற்கே உள்நாட்டில் வாழத் தகுந்த இடம் சுருங்கி, கிழக்கும் தெற்குமாக ஒதுங்கும் என்று அவை காட்டின. அந்தக் கிழக்குக் கரையில்தான் நகரங்களும் நெடுஞ்சாலைகளும் நெருங்கி நிற்கின்றன. வெயிலிலிருந்து தப்பி வரும் பிராணிக்கு அங்கே காத்திருப்பவை மோட்டார் வண்டியும் நாயும் வேலியுமே.

2019-20 கோடையில் பரவிய காட்டுத்தீ எண்ணற்ற கோவாலாக்களை அழித்தது. 2020 ஜூன் மாதம் நியூ சவுத் வேல்ஸ் சட்டமன்றக் குழுவொன்று, தக்க நடவடிக்கை எடுக்காவிடில் 2050-க்கு முன்னரே அம்மாநிலத்தில் கோவாலா அற்றுப்போகும் என்று எச்சரித்தது. 2012-இல் கிழக்குப் பகுதியின் கோவாலாக்களை ஊறுபடக்கூடியவை என்று அறிவித்த மத்திய அரசாங்கம், 2022 பிப்ரவரியில் அவற்றை அழிவின் விளிம்பிலுள்ளவை என்னும் பட்டியலுக்கு மாற்றியது.

இன்று கோவாலா உள்ள இடத்தை மட்டும் காத்தால், நாளை அங்கே அதனால் வாழ முடியாமற் போகலாம். நாளை அது வாழக்கூடிய இடத்தை இன்று காவாது விட்டால், போய்ச் சேரும்போது அங்கே மரம் இராது. இரண்டுக்கும் இடையே அது நடந்து செல்ல மரத்தொடரும் வேண்டும். யூகலிப்டஸ் விரைவாக வளரும் மரந்தான். ஆயினும் இன்று நடும் கன்று கோவாலா ஏறி அமரும் மரமாவதற்குப் பல ஆண்டுகள் செல்லும். எதிர்காலத்துப் படத்தை இப்பொழுதே வரைய வேண்டும் என்று ஆய்வாளர் விரைவதற்குக் காரணம் அதுவே. மண்ணியலும் தாவரவியலும் கணிதமும் சட்டமும் ஒன்றுகூடிச் செய்யவேண்டிய பணி இது. நீங்கள் வகுப்பில் தனித்தனிப் பாடங்களாகப் படிக்கும் இவை அனைத்தும் அங்கே ஒரு மரத்தடியில் சந்திக்கின்றன.